ஜிம்மில் தூக்கும் எடையைப் பதிய ஆப் வேண்டுமா, நோட்டு போதாதா?

இரும்புக்கை:
பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து எடையை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது) ஏறிக்கொண்டே போகிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆப்பில் பதிய ஆரம்பித்து ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் எல்லாத் திங்கட்கிழமையும் அதே 60 கிலோ, அதே எட்டு ரெப் (எட்டு முறை தூக்கி இறக்குவது), மறுநாள் நெஞ்சு வலித்ததையெல்லாம் முன்னேற்றக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். இப்போது போன வார எண் கண்ணெதிரே நிற்கிறது, அதைவிட ஒரு ரெப்பாவது கூட எடுக்கிறேன். மூன்று செட்டிலும் (நடுவே ஓய்வு விட்டுச் செய்யும் சுற்றுகள்) 12 ரெப் வந்தால் 2.5 கிலோ ஏற்றிவிட்டு மறுபடி 8-லிருந்து. புரோகிரெசிவ் ஓவர்லோடு, அதாவது சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது என்பது இவ்வளவுதானே? ஆப் இல்லாமல் எப்படித்தான் சமாளிக்கிறீர்கள்?

நோட்டுக்காரன்:
ஒரு நோட்டு, ஒரு பேனா. தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட சிப்பாய்களுக்கு எடையைப் படிப்படியாகக் கூட்டிப் பலம் வரவைத்ததை 1945-ல் எழுதினார், அவர் கையில் எந்த ஆப் இருந்தது?
நானும் ஒரு வருடம் ஆப் வைத்திருந்தவன்தான். ஸ்க்வாட் (தோளில் எடையோடு குந்தி எழுவது) 80 கிலோவிலிருந்து 100-க்கு வந்துவிட்டது என்று கிராஃப் காட்டியது. பக்கவாட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்தால், 80-ல் தொடை தரைக்கு இணையாக இறங்குகிறது, 100-ல் நாற்காலியில் உட்காரப் போனவனை யாரோ கூப்பிட்டதுபோலப் பாதியிலேயே எழுந்துவிடுகிறேன்.

இரும்புக்கை:
அது ஆப் செய்த குற்றமா? நோட்டில் 100 என்று எழுதியிருந்தால் மட்டும் நோட்டு குனிந்து பார்த்திருக்குமா?

நோட்டுக்காரன்:
பார்க்காது. ஆனால் பச்சை அம்பு போட்டுக் கைதட்டவும் செய்யாது.

குந்துராணி:
இரண்டு பேருமே எடையையும் ரெப்பையும் மட்டும்தான் பேசுகிறீர்கள். ஒரே ரெப்பாக அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம் என்று ஆப் ஒரு எண் காட்டுமே, அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பல ஆப்களில் எப்லி சூத்திரம்தான்: எடையை ரெப்பால் பெருக்கி 30-ஆல் வகுத்து, வந்ததை எடையோடு கூட்ட வேண்டும். 60 கிலோவில் 8 ரெப் என்றால் 76. அடுத்த வாரம் 62.5 ஏற்றி 6 ரெப் எடுத்தால் 75. எடை கூடியிருக்கிறது, கோடு இறங்குகிறது! பதறிப்போய் அன்றைக்கே இன்னும் இரண்டு செட் போட்டேன், தோள் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் தலை சீவக்கூட முடியவில்லை. இப்போது ஒவ்வொரு செட்டுக்கும் 'இன்னும் எத்தனை ரெப் மிச்சமிருந்தது' என்று குறிப்புக் கட்டத்தில் எழுதுகிறேன். அதே 60, அதே 8, ஆனால் மிச்சம் 1 இருந்தது 3 ஆகியிருந்தால் அதுவும் முன்னேற்றம்தான்.

நோட்டுக்காரன்:
அதைத்தான் நான் ஓரத்தில் பேனாவால் எழுதுகிறேன் தங்கச்சி. அதற்கு எதற்கு ஆப்? செட்டுக்கு நடுவே போனைக் கையில் எடுத்தால் மூன்று நிமிட ஓய்வு பத்து நிமிடம் ஆகிறது.

இரும்புக்கை:
எனக்கு டைமர் அடித்தால்தான் எழுந்திருக்கவே தோன்றும், ஆளுக்கு ஆள் வேறு. சரி, ஒரே ஒரு கேள்வி. போன மார்ச்சில் டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது) எத்தனை கிலோ எடுத்தீர்கள்? நோட்டைப் புரட்டிச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

நோட்டுக்காரன்:
மூன்றாவது நோட்டு. வியர்வை பட்டு மை கலைந்திருக்கிறது. 110, இல்லையென்றால் 170.

குந்துராணி:
110-தான் அண்ணா.