திருத்தம் வேண்டாம், நேரப்பெயர்ப்பு எனலாம்

அன்புடையீர், வணக்கம்.

கணினி தொடங்கும்போது மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ள ஊர் நேரத்தை, லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் உலக நேரமாக (யுடிசி) ஆக்கிக்கொள்ளும் செயலுக்கு ‘நேர மண்டலத் திருத்தம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. திருத்தம் என்றாலே அதற்கு முன் பிழை ஒன்று இருந்ததாகப் பொருள்படும். இங்கே பிழையே இல்லை என்பதால் இச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பயிற்சிக் கூடத்தில் விண்டோசும் லினக்சும் நிறுவியிருந்த கணினி ஒன்று, சுவர்க் கடிகாரம் 10:00 காட்டும்போது விண்டோசில் 4:30 காட்டியது. பழுதுபார்க்க வந்த தம்பி, “டைம் தப்பா இருக்கு சார், செல் போயிருக்கும்” என்று சொல்லி, மதர்போர்டுக் கடிகாரத்தை ஓட்டும், காசு அளவிலான சிஆர் 2032 பேட்டரியை மாற்றினார். மறுநாளும் 4:30 என்றதும் இன்னொரு பேட்டரி வாங்கிவந்தார். பேட்டரி தீர்ந்திருந்தால் தேதியே பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். நிமிடம் பிசகாமல் ஐந்தரை மணி நேரம் மட்டும் குறையாது. லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதிவைக்க, விண்டோஸ் அதை ஊர் நேரமாகப் படித்ததே நடந்தது. ‘தப்பு’ என்ற சொல்தான் அவரைப் பேட்டரியிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

மதர்போர்டுக் கடிகாரம் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதை லினக்சில் குறித்துவைக்கும் அட்ஜ்டைம் கோப்பின் மூன்றாம் வரியில் ‘லோக்கல்’ (ஊர் நேரம்) என்றிருந்தால், லினக்சைத் தொடங்கிவைக்கும் நிரலான சிஸ்டம்டி தொடக்கத்திலேயே 330 நிமிட வேறுபாட்டைக் கெர்னலிடம் தெரிவிக்கிறது. கெர்னலும் தன் கடிகாரத்தில் அதை ஒரே ஒரு முறை கழித்துக்கொள்கிறது. இது தாமதமானால் முதலில் எழுதப்படும் கோப்புகளில் இன்னும் ஐந்தரை மணி நேரத்துக்குப் பிறகு வரவேண்டிய நேரம் பதிவாகும். இரண்டு முறை நடந்தாலோ கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கிவிடும். ஊர் நேரம் 10:00, உலக நேரம் 04:30 ஆகிய இரண்டும் ஒரே கணத்தைத்தான் சொல்கின்றன. மொழிபெயர்ப்பில் பொருள் நிற்கச் சொல் மாறுவதைப் போல, இங்கே கணம் நிற்க எண் மாறுகிறது. ஆகவே இதை ‘நேரப்பெயர்ப்பு’ எனலாம். பிணையத்தின் வழியே நேரத்தைக் கேட்டு, ஓடிப்போன நொடிகளைச் சரிசெய்வதுதான் உண்மையான திருத்தம். அச்சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் அன்று. காட்பாடி வழியாக ஓடிய ரயில்கள் ஒரு காலத்தில் மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்றின. அது உலக நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முந்தியது. 1906 சனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்தபோது, மெட்ராஸ் நேரத்தில் ஓடிய கடிகாரங்களை ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளவேண்டியிருந்தது. அந்தக் கடிகாரங்கள் எவையும் பழுதாகியிருக்கவில்லை.

‘மண்டலம்’ என்பதையும் தவிர்க்கலாம். 48 நாள் விரதக் கணக்கும் மண்டலம்தான் என்பதால், காலத்தைப் பற்றிய இடத்தில் அது குழப்பும். ‘நேர வலயம்’ போதும்.

தொடக்கப் பதிவேட்டில் வரும் அறிவிப்பை இவ்வாறு எழுதிப் பார்த்தேன்: “வன்பொருள் கடிகாரம் ஊர் நேரத்தில் உள்ளது, 330 நிமிட நேரப்பெயர்ப்பு செய்யப்படுகிறது.”