மறு: 'புஷ்' – ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

நண்பர்களுக்கு,

போன இரண்டு வெள்ளிக்கிழமைகளும் ஷார்ஜா தொழிற்பேட்டையில், என் 1995 லேண்ட் குரூசருக்கு அடியில் கழிந்தன. அதனால்தான் இந்த இழைக்குத் தாமதமாக வருகிறேன். வண்டியில் இரண்டு பாகங்கள் சேரும் துளைக்குள் பொருத்தும் 'புஷ்' என்ற சிறு வளையச் சாமானுக்குத் தமிழில் என்ன பெயர் என்ற கேள்விக்குப் பூண், உள்ளுறை, இடைக்குழல் என மூன்று சொற்கள் வந்திருப்பதைப் பார்த்தேன். மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான்: அந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று எதுவும் சொல்லவில்லை.

இந்த வண்டியின் பின் அச்சை மேலே இரண்டு, கீழே இரண்டு ஆர்ம்கள் (அச்சை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் தண்டுகள்) முன்பின் நகராமல் பிடிக்கின்றன. பக்கவாட்டில் நகராமலிருக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்ட் தண்டு. ஐந்துக்கும் இரண்டிரண்டு முனைகள், முனைக்கொரு புஷ், ஆக மொத்தம் பத்து. அல் பதாயர் மணல்மேட்டில் வருடக்கணக்கில் ஏறி இறங்கியதில் பத்தும் தளர்ந்துவிட்டன. நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் தன் போக்கில் ஒதுங்கும். கியர் மாறினால் அடியிலிருந்து ஒரு 'டொக்'.

கழற்றியதில் ஒன்றை ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். வெளியே எஃகு வளையம், உள்ளே எஃகுக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். வெளி வளையம் ஆர்மின் கண்ணில், அதாவது முனைத் துளையில், பிரஸ் வைத்து அழுத்தி இறக்கியது, அசையாது. உள்குழாயை போல்ட் இறுகப் பிடித்திருக்கிறது, அதுவும் அசையாது. சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவிலிருக்கும் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. எதுவும் எதன்மேலும் உரசுவதே இல்லை.

லாரிப் பட்டையில் (பட்டை ஸ்பிரிங்கில்) போடும் கன்மெட்டல் புஷ், அதாவது வெண்கல வகை உலோகத்தில் செய்தது, அப்படியல்ல. அதற்குள் 'பின்' என்ற எஃகுத் தண்டு சுழல்கிறது, உரசுகிறது, அதனால்தான் கிரீஸ் ஏற்ற ஒரு நிப்பிள். இன்னொரு வேடிக்கை, ரப்பருக்குப் பதிலாக இப்போது பலர் மாட்டும் பாலியூரித்தேன் புஷ். பார்வைக்கு ரப்பரின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் உள்குழாய் அதோடு ஒட்டியிருக்காது, அதற்குள்ளே சுழலும். கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். ஆகவே வேலையைப் பார்த்தால் அது கன்மெட்டல் கட்சிதான். ஆங்கிலம் இத்தனைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறது. (புதருக்கும் இந்த 'புஷ்'ஷுக்கும் உறவில்லை. பெட்டியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ரப்பர் புஷ்ஷுக்கு நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் 'சைலன்ட் பிளாக்' ஒரு வணிகப் பெயராக இருந்து பொதுப் பெயரானது.)

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு என் பணம் போன கதை. மூன்று வருடம் முன்பு ஒரு பட்டறையில் கீழ் ஆர்ம் புஷ்கள் நான்கையும் மாற்றினேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முடுக்கிவிட்டார்கள். இறக்கியதும் வண்டியின் எடையில் ஆர்ம் மேலே திரும்ப, ரப்பர் நின்ற நிலையிலேயே முறுகிப்போயிற்று. எட்டு மாதத்தில் கிழிந்தது. சுழலும் புஷ் என்றால் அப்படி முடுக்கினால் ஒன்றும் ஆகாது. அவர்கள் மனதில் இருந்தது அந்த புஷ்தான். இந்த முறை போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, இரண்டு முறை குலுக்கிவிட்டு, அப்புறம்தான் முடுக்கினோம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். பூண் உலக்கைக்கு வெளியே போடுவது, இதுவோ கண்ணுக்குள்ளே போவது. உள்ளுறை நல்ல சொல்தான், ஆனால் தொல்காப்பியம் படித்தவர்கள் உள்ளுறை உவமையைத் தேடிக்கொண்டு வண்டிக்கு அடியில் வந்துவிடுவார்கள். 'உறை'யை மட்டும் வைத்துக்கொண்டு வினைத்தொகையாக இரண்டு சொல் செய்யலாம்:

சுழலுறை – உள்ளே தண்டு சுழல்வது.
துவளுறை – தானே துவண்டு கொடுப்பது.

'முறுக்குறை' என்றும் யோசித்தேன். தீபாவளி வாசனை வந்தது, விட்டுவிட்டேன்.

– ஷார்ஜாவிலிருந்து

---

ஐயா,

பிரிப்பு சரி. துவளுறைதான் இடிக்கிறது. துவளுதல் என்றால் சோர்ந்து தளர்வதும்தானே? புதுச் சாமானுக்கு அந்தப் பெயரா? 'நெகிழுறை' என்றால் என்ன?

– கோவையிலிருந்து

---

ஐயா,

நெகிழ்வது இளகுவதையும் நழுவுவதையும் சொல்லும். கை வளை நெகிழ்கிறது என்கிறோமே, அது கழன்று விழப்போகும் வளை. புஷ் கழலக் கூடாது. கொடி துவள்கிறது என்றால் வேர் பிடித்த இடத்தில் நின்றுகொண்டே வளைகிறது. இரண்டு முனையும் பிடித்திருக்க நடுவில் வளைவது, அதுதான் இங்கே நடப்பது.

ஆனாலும் உங்கள் ஐயம் வீண் இல்லை. பிரஸ் போட்ட திருநெல்வேலி மெக்கானிக்கிடம் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். பழைய புஷ்ஷை விரலால் சுண்டிவிட்டுக் கேட்டார்: "புதுசு துவளுறைன்னா, இது துவண்ட உறையாண்ணே?"

அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

– ஷார்ஜாவிலிருந்து