மறுமொழி: 'டிரெஸ்ஸிங்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தாராவியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் எங்கள் புறநோயாளர் பிரிவில் தாய்மார்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புண்ணில் வைத்து மூடுகிற 'டிரெஸ்ஸிங்'குக்கு அதில் எழுத ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். வருகிற குழந்தைகளில் பலர் டீயையோ கொதிக்கிற பாலையோ இழுத்து மேலே கொட்டிக்கொண்டவர்கள். முன்பெல்லாம் வெள்ளைக் களிம்பு. தினமும் கழுவி மாற்ற வேண்டும், பிள்ளை வீறிடும். இப்போது வைக்கிற வெள்ளி கலந்த ஸ்பாஞ்சு, சிலிகோன் வலை எல்லாம் புண்ணில் ஒட்டாது. சில வகைகளை ஏழு நாள் வரைகூடத் தொடாமல் விடலாம்.

இதைக் 'கட்டு' என்று எழுதினால்தான் வம்பு. போன வாரம் ஒரு அம்மா மறுநாளே பிரித்து, மஞ்சள் பூசி, பழைய வேட்டித் துணியால் அழகாகக் கட்டிக்கொண்டு வந்தார். "கட்டுன்னா மாத்தணும்ல?" சரி, 'வெள்ளிக்கட்டு' என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ வெள்ளிக்கிழமை வந்தா போதுமா?" என்கிறார்கள்.

மாட்டுங்காவிலிருந்து:

அம்மா, புறநானூறு 353 இருக்க நமக்கென்ன பஞ்சம்? 'பஞ்சியும் களையாப் புண்ணர்'. புண்ணில் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத, அந்தப் பாட்டில் வரும் பெண்ணின் அண்ணன்மார்! 'களையாப் பஞ்சி' என்று வையுங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். 'டிரெஸ்' என்பதற்கும் பிரெஞ்சு வேரில் நேராக்குதல் என்றே பொருள். ஆக 'செப்பம்' என்றும் ஆளலாம். பதிற்றுப்பத்தில் புண் தைத்த ஊசியைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

செம்பூரிலிருந்து:

ஐயா, பஞ்சை நேரே புண்ணில் வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தானே இந்தப் புதுச் சரக்கே! நர்ஸ் முதல் ஆயா வரை எல்லோரும் சொல்வது 'டிரெஸ்ஸிங்'. அதையே போடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. 'புண் காயணும்' என்பதுதான் நம் பேச்சு. ஈரம் காக்கிற புண்ணில் தோல் விரைவாக மூடுகிறது என்று ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் 1962லேயே பன்றிகளிடம் காட்டிவிட்டார். அறிக்கை முழுக்க 'ஆற' என்றே எழுதுங்கள், 'காய' வேண்டாம். காயம் என்பதே காய்தலில் பிறந்ததா என்று யாரும் கிளப்ப வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

தாராவியிலிருந்து:

'ஆற' சரி, மாற்றிவிட்டேன். தலைப்பில் 'தீக்காயம்' என்று இருந்ததையும் 'சுட்ட புண்' ஆக்கிவிட்டேன். "தீயே படலையே, பால்தானே கொட்டுச்சு" என்று ஒருவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளில்தான், சூடு பட்டவுடன் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டு, ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம் என்றெல்லாம் இருக்கிறது. கட்டுக்கு, நேற்றிரவு வந்த மடல்களில் அதிகம் பேர் சொன்ன 'பிரிக்காக் கட்டு' என்றே போடுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. பிரிக்காக் கட்டை ஏழாம் நாள் நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்? காய்ச்சல், நாற்றம், நீர்க்கசிவு என்றால் நாள் பார்க்காமல் வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்களே. பெயரைப் பார்த்துவிட்டு அதற்கும் வராமல் இருந்தால்?