3டி வீடியோவில் முன்னால் இருப்பது பின்னால் போகிறது, அவசர உதவி

புதுக்கேமரா:
நாளைக்குக் காட்ட வேண்டும். இரண்டு போனில் எடுத்த வீடியோவை 3டி ஆக்கினேன். மேஜையில் இருக்கும் கப் வெளியே தள்ளி நிற்க வேண்டியது, பின்சுவரில் குழி விழுந்த மாதிரி தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்தாலே தலைவலி. மென்பொருளில் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன்.

வெள்ளித்திரை:
புரொஜெக்டர் என்றால் சுவர்தான் காரணம். போலரைஸ்டு ஒளி, அதாவது அதிரும் விதத்தை ஒழுங்குபடுத்திய ஒளி, வெள்ளைச் சுவரில் பட்டதும் குலைந்துவிடும், ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குக் கசியும். தியேட்டரில் வெள்ளிப்பூச்சுத் திரை போடுவது அதற்காகத்தான்.

இருவிழி:
புரொஜெக்டர் என்று அவர் சொல்லவே இல்லையே. எந்தக் கண்ணாடி? போன்களை எப்படி வைத்தீர்கள்? கப் எவ்வளவு தூரம்?

ஆழ்பார்வை:
அடிப்படை தெரியாமல் மென்பொருளைத் திறந்தால் இப்படித்தான். இரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் போனால் மூளை அதை ஆழமாக எடுத்துக்கொள்ளும் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் வீட்ஸ்டோன் 1838-லேயே காட்டிவிட்டார். முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

புதுக்கேமரா:
சிவப்பு-சயான் (நீலப்பச்சை) அட்டைக் கண்ணாடி, லேப்டாப். போன்களைப் படுக்கவைத்து வரிசையாக ஒட்டினேன். கப் அரை மீட்டரில்.

இருவிழி:
கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், சிவப்பு வலக்கண்ணுக்குப் போய்விடும். கப் முன்னால் வந்தால் இடது, வலது படங்கள் மாறிக் கிடக்கின்றன. அப்போது மென்பொருளில் இரண்டையும் இடம் மாற்றினால் போதும்.

வெள்ளித்திரை:
லேப்டாப்பா? அப்படியானால் நான் சொன்னது பொருந்தாது. ஆனாலும் சிவப்பு-சயானை விட்டுவிடுங்கள், தலைவலியே அதனால்தான். ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்கு நீலப்பச்சை என்றால் மூளை எதை ஏற்கும்?

ஆழ்பார்வை:
தவறு. எந்தக் கண்ணாடியானாலும் கண் தெளிவுக்குத் திரையில் குவிகிறது, பார்வைக் கோடுகளோ திரைக்கு முன்னாலோ பின்னாலோ சந்திக்கின்றன. அந்த இழுபறிதான் வலி.

வெள்ளித்திரை:
இரண்டும் காரணமாக இருக்கலாம். நிற மோதல் இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இருவிழி:
அதைத் தனி இழையில் பேசுங்களேன். @புதுக்கேமரா, படுக்கவைத்து ஒட்டினால் லென்ஸ்களுக்கு இடையே ஒரு போன் நீளம், சுமார் 16 செ.மீ. வந்துவிடும். நம் கண்களுக்கு இடையே ஏறக்குறைய 6.5 செ.மீ.தான். அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்குதான் லென்ஸ் இடைவெளி என்பது பழைய கைக்கணக்கு. அரை மீட்டருக்கு 2 செ.மீ.கூட வராது! ஒன்று, கப்பை ஐந்து மீட்டர் தள்ளி வையுங்கள். இல்லை, ஒரு போனை 180 டிகிரி திருப்பி லென்ஸ்களை ஒட்டினாற்போல் கொண்டுவாருங்கள், அந்த வீடியோவை அப்புறம் நிமிர்த்திக்கொள்ளலாம். லென்ஸ் மூலையில் இருப்பதால் திருப்பியதும் ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கும். தாழ்ந்த போனை உயர்த்தி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேல்கீழ் வித்தியாசத்தைக் கண் கொஞ்சமும் தாங்காது.

புதுக்கேமரா:
கண்ணாடியைத் திருப்பியதும் கப் வெளியே வந்துவிட்டது!! கைப்பிடி மட்டும் இன்னும் இரண்டாகத் தெரிகிறது. தள்ளி வைத்து மறுபடி எடுக்கப் போகிறேன். நன்றி இருவிழி.