பி.பார்ம் முடிச்சுட்டு வெளிநாடு கிளம்புறவங்களுக்கு: விசா வேற, ரிஜிஸ்ட்ரேஷன் வேற

வியாசர்பாடி தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா: "அக்கா, இந்த வருஷம் பி.பார்ம் முடிச்சுட்டேன். லண்டன்ல எம்.எஸ்சி. சீட்டு வாங்கித் தரேன்னு கன்சல்டன்சிக்காரர் சொல்றார். படிப்பு முடிஞ்சதும் அங்கேயே பார்மசிஸ்ட் ஆயிடலாமாம். அப்பா நகையை அடகு வைக்கலாம்னு பாக்குறார். போலாமா?"

நகை உள்ள போறதுக்கு முன்னாடியே கேட்டியே, சந்தோஷம். அந்த எம்.எஸ்சி. படிச்சா அங்க பார்மசிஸ்ட் ஆக முடியாதும்மா. பார்மகாலஜியோ, ட்ரக் டிஸ்கவரியோ, பப்ளிக் ஹெல்த்தோ, எதுல வாங்கினாலும் அது ஒரு பட்டம், அவ்வளவுதான். ஆராய்ச்சி, கம்பெனி வேலைக்கு உதவும். கவுண்டர்ல பார்மசிஸ்ட்டா நிக்கிற உரிமையைத் தர்றது யுனிவர்சிட்டி இல்ல, கவுன்சில். நம்ம ஊர்லயும் அப்படித்தானே? டிகிரி வாங்கிட்டு தமிழ்நாடு பார்மசி கவுன்சில்ல பதிஞ்சாத்தான் 1948ஆம் வருஷ பார்மசி சட்டப்படி நீ பார்மசிஸ்ட். எந்த நாட்டுக்குப் போனாலும் இதே கதைதான், கவுன்சில் பேருதான் மாறும். அதனால எந்த நாடுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, எந்த கவுன்சில் உன் டிகிரியை ஏத்துக்கும்னு பாரு.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணுக்கும் கவுன்சில் ஜிபிஎச்சி. நம்ம மாதிரி இந்தியாவுல படிச்சவங்களுக்கு அவங்க வச்சிருக்கிற வழி ஓஸ்பாப்னு ஒரு வருஷக் கோர்ஸ். அதை நடத்த அனுமதி இருக்கிற யுனிவர்சிட்டிகளை விரல் விட்டு எண்ணிடலாம். சண்டர்லாண்ட், பிரைட்டன் மாதிரி. ஜிபிஎச்சி தளத்துலயே பட்டியல் இருக்கு. அதுல இல்லாத காலேஜ் பேரை உன் கன்சல்டன்சிக்காரர் சொன்னார்னா பேச்சை அங்கேயே முடிச்சுக்கோ. கோர்ஸ் முடிஞ்சதும் 52 வாரம் ஒரு பார்மசியிலயோ ஆஸ்பத்திரியிலயோ சம்பளத்தோட பயிற்சி. அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன் பரீட்சை. வருஷத்துக்கு 2 தடவை, ஜூன்லயும் நவம்பர்லயும் நடக்கும். ஒருத்தருக்கு மொத்தமே 3 வாய்ப்புதான்.

ஓஸ்பாப்பையே சில இடத்துல பிஜி டிப்ளமோவா தர்றாங்க, சில இடத்துல எம்.எஸ்சி.யோட சேர்த்துத் தர்றாங்க. ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டிக்கே மெயில் போட்டுக் கேளு: இதை முடிச்சா பயிற்சி வருஷத்துக்கு எந்த விசாவுல இருக்கணும், ஸ்பான்சர் பண்ற பார்மசியை நானே தேடணுமா? பதிலை எழுத்துல வாங்கி வை. கன்சல்டன்சி வாய்வார்த்தையா சொல்றது கணக்குல வராது. இன்னொண்ணு, 2024 ஜனவரியில இருந்து இந்த மாதிரி கோர்ஸுக்குப் போறவங்க கணவன், மனைவி, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக முடியாது. கல்யாணப் பேச்சு ஓடுற வீடா இருந்தா இதை இப்பவே சொல்லிடு.

மத்த நாடுகளையும் சொல்லிடறேன், உன் கூடப் படிச்சவங்களுக்கும் ஆகும். அமெரிக்கா 4 வருஷ பி.பார்முக்குக் கதவைச் சாத்தி ரொம்ப நாளாச்சு. 2003 ஜனவரி 1க்கு அப்புறம் டிகிரி முடிச்சவங்களுக்கு குறைஞ்சது 5 வருஷ பார்மசி படிப்பு வேணும். நம்ம ஊர்ல 2008ல வந்த 6 வருஷ பார்ம்.டி. படிச்சவங்க போகலாம். கனடாவுல பரீட்சை வைக்கிற போர்டு பிஇபிசி: முதல்ல சர்டிபிகேட் எல்லாத்தையும் அவங்க பரிசீலிக்கணும், அப்புறம் ஒரு தகுதி மதிப்பீட்டுப் பரீட்சை, அதுக்கு மேல 2 பாகமா ஒரு பரீட்சை. ரெண்டாவது பாகத்துல நோயாளியா நடிக்கிறவங்க எதிர்ல உக்காந்திருப்பாங்க, நீ பேசிக் காட்டணும். கடைசியில மாகாண லைசென்ஸ் வேற. பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற அனுமதி, வந்துடுச்சுங்கிறதுக்காக எந்தப் படியும் குறையாது. ஆஸ்திரேலியாவுக்கு இப்ப ஓப்ரா பரீட்சை. 2025ல கேப்ஸ்ங்கிற பழைய பரீட்சையை எடுத்துட்டு இதைக் கொண்டு வந்தாங்க. சீனியருங்க கேப்ஸ் நோட்ஸை விலைக்குக் கொடுத்தா வாங்கிடாதே. வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோங்கிற கம்பெனி உன் சர்டிபிகேட் நிஜமான்னு பாக்குற சரிபார்ப்பும், ப்ரோமெட்ரிக்னு சொல்ற கம்ப்யூட்டர் பரீட்சையும். வீட்டுக்குச் சீக்கிரம் பணம் அனுப்பணும்னா அந்த வழியும் நல்ல வழிதான், அதுல மட்டம் ஒண்ணும் இல்ல. டி.பார்ம் மட்டும் முடிச்சவங்களுக்கு ஓஸ்பாப் கிடையாது, பி.பார்ம் முடிச்சுட்டுத்தான் யோசிக்கணும்.

இப்ப சென்னையில முடிக்க வேண்டிய வேலை. எல்லாரும் ஐஇஎல்டிஎஸ் கோச்சிங்ல ஆரம்பிப்பாங்க. நீ பேர்ல இருந்து ஆரம்பி.

தமிழங்க நமக்கு இனிஷியல்தான் பெரிய வில்லங்கம். பத்தாவது மார்க்‌ஷீட்ல "பிரியா எஸ்", டிகிரியில "எஸ். பிரியா", பாஸ்போர்ட்ல கிவன் நேம் "பிரியா", சர்நேம் "செல்வம்", பார்மசி கவுன்சில் சர்டிபிகேட்ல "பிரியா செல்வம்", வங்கிக் கணக்குல வேற மாதிரி. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். சண்டர்லாண்ட்ல உக்காந்து ஃபைல் பாக்குறவங்களுக்கு இது 3 பேர். உன் பேப்பர் எல்லாத்தையும் தரையில வரிசையா பரப்பி வச்சு, ஒவ்வொண்ணுலயும் ஸ்பெல்லிங்கைப் பாரு. "எச்" ஒண்ணு கூட இருந்தாலும் குறிச்சுக்கோ. அடிப்படை பாஸ்போர்ட்தான், ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் விசாவுக்கும் அதுல இருக்கிறபடிதான் பேர் போகும். சின்ன வித்தியாசம்னா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட் போதுமான்னு யுனிவர்சிட்டியைக் கேளு. ஐகோர்ட் எதிர்ல, பாரீஸ் பக்கம் நோட்டரிக்குப் பஞ்சமே இல்ல. பேரே வேற மாதிரி இருந்தா தமிழ்நாடு அரசிதழ்ல பேர் மாத்திட்டு வர்றதுதான் சரி. அதுக்கு நாள் பிடிக்கும்.

காலேஜ் எம்.ஜி.ஆர். மெடிக்கல் யுனிவர்சிட்டிக்குக் கீழன்னா ட்ரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது யுனிவர்சிட்டி தர்ற முழு மார்க் விவரத்துக்கு, கிண்டி போகணும். தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா இறங்கி மாறாம கிண்டி, அந்த வசதி எங்க காலத்துல இல்ல. போறதுக்கு முன்னாடி, ட்ரான்ஸ்கிரிப்ட் சீல் வச்ச கவர்ல உன் கையில வேணுமா, இல்ல யுனிவர்சிட்டியே நேரா அனுப்பணுமான்னு தெரிஞ்சுக்கோ. சீல் உடைச்ச கவரை யாரும் ஏத்துக்க மாட்டாங்க. ஆர்வத்துல பிரிச்சுப் பாத்துடாதே.

பார்மசி கவுன்சில்ல 2 வேலை: ரிஜிஸ்ட்ரேஷன் ரினியூவல்ல இருக்கணும், குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட் வாங்கணும். உன் மேல ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லன்னு கவுன்சில் சொல்ற கடிதம் அது. ரொம்ப முன்னாடியே வாங்கி வச்சா பழசுன்னு தள்ளிடுவாங்க, அப்ளிகேஷன் போடுற சமயத்துல வாங்கு.

இந்த இடத்துல கொஞ்சம் காரமா ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கம் சர்டிபிகேட்டை மெடிக்கல் ஷாப்புக்கு வாடகைக்கு விடுறது சர்வசாதாரணம். கடை லைசென்ஸ்ல பேர் உன்னுது, சுவத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிற சர்டிபிகேட் உன்னுது, மருந்து எடுத்துக் குடுக்கிறது ஓனரோட மச்சான். மாசாமாசம் ஒரு தொகை வருதேன்னு வீட்டுலயும் கம்முனு இருப்பாங்க. பார்மசிஸ்ட் இல்லாம மருந்து குடுக்கிறது சட்டப்படி குத்தம். அதோட நீ வெளிநாட்டுல படிச்சிட்டு இருக்கிற நாள்ல இங்க ஒரு கடையில "பணியில இருக்கிற பார்மசிஸ்ட்"டா இருந்தேன்னா, நாளைக்கு ஜிபிஎச்சி நேர்மையைப் பத்திக் கேக்கறப்ப என்ன சொல்லுவே? கிளம்பறதுக்கு முன்னாடி கடை ஓனருக்கு ராஜினாமா கடிதம் குடு, மருந்து கட்டுப்பாட்டுத் துறையில உன் பேரை எடுத்தாச்சான்னு பாரு, அத்தாட்சியைக் கையில வாங்கு. ஓனர் "அப்புறம் பாத்துக்கலாம் கண்ணு"ம்பார். அப்புறம்லாம் கிடையாது.

போலி அனுபவக் கடிதமும் அப்படித்தான். டேட்டாஃப்ளோ உன்கிட்ட கேக்காது, கடைக்கே நேரா எழுதிக் கேக்கும். வேலை செய்யாத கடையில வேலை செஞ்சதா காட்டினா, அந்த ரிப்போர்ட் உன் பேர்ல அப்படியே நிக்கும்.

இங்கிலீஷ் பரீட்சைக்கு வரேன். ஜிபிஎச்சிக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்ல நாலு பிரிவுலயும் தனித்தனியா 7 வேணும், அதுவும் ஒரே தடவையில. சராசரி 7.5 வந்து எழுத்துல 6.5 இருந்தா போச்சு. அதுக்குப் பதிலா, மருத்துவத் துறைக்காரங்களுக்குன்னு இருக்கிற ஓஇடிங்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுதினா நாலுலயும் பி கிரேடு. என் அபிப்பிராயம், நமக்கு ஓஇடி தோது. பார்மசிக்குன்னே தனி தாள். கடிதம் எழுதுறதும் நோயாளிகிட்ட பேசிக் காட்டுறதும் நம்ம தொழிலைப் பத்தியே வரும். காடு அழியறதைப் பத்திக் கட்டுரை எழுத வேண்டியதில்ல.

பணத்துக்கு: யூகே ஸ்டூடண்ட் விசாவுக்குக் காட்டுற தொகை தொடர்ந்து 28 நாள் கணக்குல இருக்கணும். நடுவுல ஒரு நாள் குறைஞ்சாலும் முதல்ல இருந்து எண்ணணும். சித்தப்பா கணக்குல இருக்கிற பணமெல்லாம் செல்லாது. உன் பேர்லயோ அப்பா அம்மா பேர்லயோ இருக்கணும், இல்ல வங்கிக் கல்விக்கடன். அங்க அரசு மருத்துவத்துக்காகக் கட்டற ஹெல்த் சர்சார்ஜ் மாணவர்களுக்கு வருஷம் 776 பவுண்ட், விசாவோட சேர்த்தே கட்டணும். டிபி டெஸ்ட் அவங்க அங்கீகரிச்ச கிளினிக்ல மட்டும்தான்.

இறங்கினதும் உள்ள வேலை சுலபம். விசா இப்ப ஈவிசா, கார்டு கிடையாது, ஆன்லைன் கணக்கை உடனே திறந்து பாத்துக்கோ. பக்கத்து ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்ல பேர் குடு, காசு கேக்க மாட்டாங்க. இங்கிலாந்துல வீட்டு அட்வான்ஸ் பெரும்பாலும் 5 வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, அதையும் டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்துல போடணும்; சென்னையில 10 மாச அட்வான்ஸ் குடுத்துப் பழகின நம்ம ஆளுங்க கேட்டதைக் குடுத்துட்டு ரசீது கூட வாங்காம வர்றாங்க. காலேஜ் நடக்கிற நாள்ல வாரம் 20 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யாதே. முடிஞ்சா பார்மசி கவுண்டர் உதவியாளர் வேலையே தேடு, மருந்துப் பேரும் பேச்சும் காதுல ஏறும். ஈஸ்ட் ஹாம்ல சாப்பாட்டுக்குக் குறை இல்ல, முருகன் கோயிலும் இருக்கு. மீன்தான் ஐஸ்ல வச்ச வஞ்சிரம். காசிமேட்டுல காலையில வாங்கிப் பழகின நாக்கு கொஞ்ச நாள் அழும்.

கவுண்டர் வேலைதான் நமக்கு நிஜமா புதுசு. வண்ணாரப்பேட்டை கடையில "அண்ணே, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு குடு"ன்னா, ஸ்ட்ரிப்பை கத்தரிச்சு காக்கிக் கவர்ல போட்டுக் குடுப்பாங்க. இங்கிலாந்துல டோலோ 650ன்னு சொன்னா யாருக்கும் புரியாது, பாரசிட்டமால் 500தான். அதையும் பார்மசியில டாக்டர் சீட்டு இல்லாம விக்கிற பெட்டி 32 மாத்திரை வரைக்கும், சாதாரண கடையில 16 வரைக்கும்தான். அளவுக்கு மேல முழுங்கிடறவங்களுக்காக 1998ல கொண்டு வந்த கட்டுப்பாடு. டாக்டருங்க பெரும்பாலும் ஜெனரிக் பேர்லதான், அதாவது மருந்தோட பொதுப் பேர்லதான் எழுதுவாங்க. சீட்டுல சால்புட்டமால்னு இருக்கும், பிராண்ட் பேர்லயே வளர்ந்த நாம அஸ்தாலினைத் தேடுவோம். கனடா போறவங்களுக்கு இன்னும் குழப்பம், அங்க பாரசிட்டமாலுக்கே பேர் அசிட்டமினோஃபென்.

மருந்துப் பையைக் குடுக்கறதுக்கு முன்னாடி பேரும் விலாசமும் அவங்க வாயால சொல்ல வைக்கணும். "மிஸஸ் படேலா?"ன்னு நீயே கேட்டா, காது சரியா கேக்காத பாட்டி எதுக்கும் தலையாட்டிடுவாங்க. "உங்க விலாசம் சொல்லுங்க"ன்னு கேளு. டோஸ் சந்தேகமா இருந்தா ஜிபிக்கு போன் போட்டுக் கேக்கறதும் உன் வேலைதான். டாக்டர் எழுதினது, நமக்கென்னன்னு விட முடியாது. 2024 ஜனவரி 31ல இருந்து இங்கிலாந்துல பார்மசி ஃபர்ஸ்ட் திட்டம் இருக்கு. தொண்டை வலி, அக்கி, பெண்களுக்கு வர்ற சாதாரண சிறுநீர்த் தொற்று மாதிரி 7 பிரச்சினைக்கு பார்மசிஸ்ட்டே பாத்து, தேவைப்பட்டா ஆன்டிபயாட்டிக்கும் ஆன்டிவைரலும் குடுக்கலாம். கடைக்கு வர்றவங்களுக்குத் தெரியற மாதிரி, இன்னிக்குப் பொறுப்பு பார்மசிஸ்ட் இன்னார்னு உன் பேரும் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் எழுதி வச்சிருக்கும். யார் வேணும்னாலும் அந்த நம்பரை ஜிபிஎச்சி தளத்துல போட்டுப் பாக்கலாம்.

ஜிபிஎச்சி ரிஜிஸ்ட்ரேஷன் பரீட்சையில நம்ம பசங்க தடுமாறுறது முதல் தாள்ல, அதாவது கணக்குல. 40 கேள்வி. பார்முலா கஷ்டமே இல்ல, கேள்வியை முழுசா படிக்க மாட்டாங்க. ஒண்ணு போட்டுப் பாரு: பிரெட்னிசலோன் தினம் 40 மி.கி., 5 நாளைக்கு. அப்புறம் தினமும் 5 மி.கி. குறைச்சு நிறுத்தணும், 5 மி.கி. மாத்திரை எத்தனை குடுக்கணும்? முதல் 5 நாளைக்கு தினம் 8, ஆக 40. அப்புறம் 7, 6, 5, 4, 3, 2, 1, ஆக 28. மொத்தம் 68. பெட்டிக்கு 28ன்னா ரெண்டு முழுப் பெட்டியும் மூணாவதுல இருந்து 12ம். 40னு எழுதுறவங்க பாதி கேள்வியோட நிறுத்தினவங்க, 84னு எழுதுறவங்க பெட்டியை எண்ணினவங்க.