தலையில் கட்டுதல்

நான்: மாமா, ஆங்கில வினாத்தாளில் ஃபொய்ஸ்ட் என்று ஒரு வினைச்சொல் வந்தது. அகராதியில் ‘திணி’ என்று போட்டிருக்கிறது. இம்போஸுக்கும் அதுதானே, பிறகு என்னத்துக்கு இரண்டு சொல்?

பெரியம்மா: முன்னுக்கே பொய் இருக்குது பிள்ளை, பொய் சொல்லுறதாக்கும் 😄

கொக்குவில் மாமா: அக்கா பகிடிக்குச் சொன்னாலும் பாதி சரி. அது சூதாடிகளின் சொல். ஒல்லாந்த மொழியில் கைமுட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கள்ளத் தாயக்கட்டையைக் கைக்குள் ஒளித்து வைத்திருந்து, சமயம் பார்த்து ஆட்டத்துக்குள் விட்டுவிடுவதுதான் முதல் பொருள். அலுவலகத்துக்குக் ‘கந்தோர்’ என்ற சொல்லை எங்களுக்குத் தந்த அதே ஒல்லாந்தர்தான்.

நான்: அப்ப ஏமாற்றுவதா, திணிப்பதா?

பெரியம்மா: ஏமாற்று என்றதும் ஞாபகம் வருகுது, போன கிழமை திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் என்று சொல்லித் தந்தான், மேலே நல்ல பழம் இரண்டு, அடியில் முழுக்க நாரும் புளிப்புமாக வேறு ஏதோ சாதி, கத்தி வைத்த பிறகுதான் தெரிந்தது.

கொக்குவில் மாமா: அதேதான் ஃபொய்ஸ்ட். ஒன்றை இன்னொன்று என்று சொல்லித் தள்ளிவிடுவது. இன்றைக்கு ஏமாற்று இல்லாவிட்டாலும் சொல்வார்கள், வேண்டாம் என்கிறவர்மேல் ஒரு சாமானையோ வேலையையோ கருத்தையோ சுமத்தினால் போதும். ‘திணி’ எனக்குப் பிடிக்கவில்லை, அதில் பலம் தெரியுது, தந்திரம் தெரியவில்லை. ‘தலையில் கட்டிவிட்டான்’ என்று எழுது பிள்ளை.

ரொறொன்ரோ அக்கா: இங்கே பேப்பரில் புது வரி, புதுச் சட்டம் என்றாலும் இந்தச் சொல் வரும் மாமா. அதில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லையே?

கொக்குவில் மாமா: வரி போடுகிறவன் இம்போஸ் என்பான், கட்டுகிறவன் ஃபொய்ஸ்ட் என்பான். 1956இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கின ‘சிங்களம் மட்டும்’ சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் வெளிப்படையாகத்தான் நிறைவேறியது, சரித்திரம் எழுதுகிறவர் இம்போஸ் என்று எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அன்றைக்குக் கந்தோரில் இருந்த தமிழ் எழுதுவினைஞருக்கு ஃபொய்ஸ்ட்தான் வாயில் வந்திருக்கும். சொல்லுகிறவரின் வெறுப்பும் சேர்ந்தே வரும் சொல் அது. அபராதம், தடை, நிபந்தனை என்றால் இம்போஸ். காயம், தோல்வி, நட்டம் என்றால் இன்ஃப்ளிக்ட்.

அப்பா: வசனத்தில் எப்படி வைக்கிறது என்று சொல்லுங்கோ அத்தான், இவளுக்கு நாளைக்கும் சோதனை.

கொக்குவில் மாமா: சாமான் முன்னுக்கு, ஆள் பின்னுக்கு, நடுவில் ஒன் அல்லது அப்பொன். ஆளை முன்னுக்கு வைத்து, பிறகு வித் போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்குக் காது கூசும். சோதனையில் வேண்டாம்.

நான்: ‘மாமா ஃபொய்ஸ்டட் த டெம்பிள் அக்கவுண்ட்ஸ் ஒன் அப்பா.’ சரியா?

பெரியம்மா: 😂😂😂

கொக்குவில் மாமா: இலக்கணம் சரி.

அப்பா: விஷயமும் சரி. கோயில் கணக்குக் கொப்பி இன்னும் எங்கள் அலுமாரியில்தான் கிடக்குது, திருவிழாவுக்கு முன்னம் வந்து எடுத்துக்கொண்டு போங்கோ அத்தான்.