அலுவலக லேண்ட்லைனை நெட்வொர்க் வழியே குடோனுக்குக் கொண்டுபோக முடியவில்லை: உதவி தேவை

நெல்மணி: வணக்கம். எங்கள் அரிசி ஆலை அலுவலகத்து லேண்ட்லைனைக் குடோனிலும் பேசும்படி செய்ய, சாதாரணப் போனை நெட்வொர்க்கில் இணைக்கும் தொலைபேசி அடாப்டர் பெட்டிகள் இரண்டை வாங்கி இரு முனைகளிலும் நெட்வொர்க்கில் சேர்த்திருக்கிறேன். குடோனில் போனை எடுத்தால் டயல் டோன் கேட்கிறது. ஆனால் வெளி எண்களுக்கு அழைப்பு போவதில்லை, வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு அங்கே மணியும் அடிப்பதில்லை. நாளை லோடு ஏற்றுவதற்குள் சரியாக வேண்டும்.

கம்பிவடம்: அடாப்டரின் மாடல் என்ன? இடைத்தூரம் எவ்வளவு? செம்பு ஈதர்நெட் கேபிள் என்றால் 100 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது.

ஒலியலை: கோடெக்கை, அதாவது குரலை டிஜிட்டலாக மாற்றும் முறையை, ஜி.729இலிருந்து ஜி.711க்கு மாற்றுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

பழையலைன்மேன்: கோடெக் ஒலித்தரத்தைப் பற்றியது, மணி அடிக்காததற்கும் அதற்கும் தொடர்பில்லை. அடிப்படையைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியை வாங்கிவிட்டு இங்கே வருவது வழக்கமாகிவிட்டது. போனுக்கு மின்னழுத்தமும் மணியும் தருவது எஃப்எக்ஸ்எஸ் போர்ட். எக்ஸ்சேஞ்சிலிருந்து அவற்றை வாங்கிக்கொள்வது எஃப்எக்ஸ்ஓ போர்ட். உங்களிடம் இருப்பது எது?

தறிக்காரர்: இரண்டு இழைத் தொலைபேசிக் கம்பியை இழுத்துவிட்டால் இவ்வளவு தொல்லை எதற்கு?

கம்பிவடம்: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்தவெளியில் செம்பை இழுத்தால், பக்கத்தில் இடி விழும்போது இரு முனைக் கருவிகளும் போய்விடும் ஐயா.

தறிக்காரர்: இரு முனைகளிலும் அரெஸ்டர் (இடிமின்னல் தடுப்பான்) வைத்து, முறையாக எர்த் கொடுத்தால் தாங்கும். எங்கள் தறிக்கூடத்தில் அப்படித்தான் ஓடுகிறது.

கம்பிவடம்: எர்த் முறையாக இருக்கும் இடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையான ஃபைபர் இருந்தால் அந்தக் கவலையே கிடையாது.

நெல்மணி: மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தூரம் 180 மீட்டர், கேமராவுக்காகப் போட்ட ஃபைபர் இருக்கிறது. இரண்டு பெட்டிகளிலும் எஃப்எக்ஸ்எஸ் மட்டுமே உள்ளது.

பழையலைன்மேன்: அப்படியானால் நீங்கள் கேட்பது எக்ஸ்சேஞ்ச் டோன் அன்று. அலுவலகத்தில் லைனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். டோன் அப்போதும் வந்தால், அது குடோன் பெட்டி தானே உண்டாக்குவது. கழற்றிய லைனை மறுபடியும் எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டில் செருகாதீர்கள். மணி வரும்போது 75 வோல்ட் அளவிலான மாறுமின்னழுத்தம் பாய்ந்து அந்தப் போர்ட் பழுதாகிவிடக்கூடும். அலுவலக முனைக்கு மட்டும் எஃப்எக்ஸ்ஓ உள்ள பெட்டியை வாங்குங்கள்; குடோனில் இருப்பது போதும்.

நெல்மணி: லைனைக் கழற்றிய பின்பும் டோன் வந்தது. இன்று புதுப் பெட்டியை வைத்தேன். மணி அடிக்கிறது, பேசவும் முடிகிறது. ஆனால் எதிர்முனையில் வைத்த பிறகும் லைன் விடுபடாமல் நிற்கிறது.

ஒலியலை: எதிர்முனையில் வைத்ததும் லைனில் வரும் பிஸி டோனைக் கேட்டுத்தான் பெட்டி லைனை விடும்; அது வேறு நாட்டு பிஸி டோனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். இந்தியாவில் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 வினாடி ஒலி, 0.75 வினாடி அமைதி. அழைப்புத் துண்டிப்பு அமைப்பில் இந்த அளவுகளைக் கொடுங்கள்.

நெல்மணி: கொடுத்தேன், லைன் உடனே விடுபடுகிறது. நன்றி.